பட்டறை போடச் சொல்கிறவர்களுக்கு

ஜீப்பை நன்றாக மாற்றிக் கட்டத் தெரிந்த யாரையும் நம் ஊரில் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. பழைய மஹிந்திராவையோ ஜிப்சியையோ வாங்கி, இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் படுத்தே கழித்து, உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, முன்னால் வின்ச் பொருத்தி, ஒரு மலைப்பாதையில் ஏற்றிக் காட்டிவிட்டால் போதும். பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே யோசனையைச் சொல்வார்கள்: “இவ்வளவு கைவேலை தெரிஞ்சு வச்சுக்கிட்டு இன்னும் ஏம்ப்பா அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கே? ஒரு பட்டறையப் போடு.” 2020-இல் மஹிந்திராவின் புதிய தார் ஜீப் வந்து, தெருவுக்கு ஒன்று நிற்கத் தொடங்கிய பிறகு, இந்த யோசனைக்கு வேகம் இன்னும் கூடிவிட்டது. வண்டி இருக்கிறது, வாங்கியவரிடம் பணம் இருக்கிறது, உன்னிடம் ஆசை இருக்கிறது, பிறகென்ன தயக்கம் என்கிறார்கள்.

பிடித்ததைத் தொழிலாக்கிக்கொண்டால் அலுப்பே தெரியாது என்பது இப்போது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்படும் கருத்தாகிவிட்டது. வேறு தொழில்களில் அது எப்படியோ, மலைக்காட்டு வண்டிகளை மாற்றியமைக்கும் விஷயத்தில் அது முழுத் தவறு. பொழுதுபோக்காக ஒரு வண்டியைக் கட்டும்போது எதெல்லாம் சந்தோஷம் தருகிறதோ, அதெல்லாம் பட்டறையில் நஷ்டக் கணக்கில்தான் எழுதப்படும். கொஞ்சம் கூடக்குறைய என்றில்லை, கிட்டத்தட்ட வரிக்கு வரி அப்படித்தான்.

யோசனை சொல்கிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி வீட்டு ஷெட்டில் தொடங்கியதுதானே, அமெரிக்காவின் வார்ன் எப்படி வந்தது, ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். அந்தச் சாட்சிகளையே கூண்டில் ஏற்றி விசாரித்தால் அவர்கள் வேறு கதை சொல்கிறார்கள்.

வார்னின் கதை 1948-இல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப்புகள் அமெரிக்காவில் மலிவாகப் பொதுமக்கள் கைக்கு வந்திருந்தன. போருக்குச் செய்த வண்டி அது. தார் ரோட்டில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போதும் முன் ஆக்சிலும் ஷாஃப்டும் சேர்ந்து வீணாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் குடிக்கும், பாகங்கள் தேயும், சத்தம் வேறு. ஆர்தர் வார்ன் செய்தது முன் சக்கரத்தின் நடுவில் கையால் திருப்பும் ஒரு பூட்டு. அதைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் உருளும், ஆக்சில் ஓய்வெடுக்கும். நம் பழைய மஹிந்திரா ஓட்டுநர்கள் சேற்றில் இறங்கி, குனிந்து, ‘ஹப் லாக்’ போடுவார்களே, அந்த வகைப் பூட்டுதான். அதாவது மலைக்காட்டு வண்டிக்காரர்கள் இன்று கொண்டாடும் ஒரு பெயர், ஜீப்பைச் சாதாரணச் சாலைக்கு ஏற்றதாக ஆக்கிய ஒரு பாகத்தால் எழுந்தது. பொழுதுபோக்குக்காரர்களுக்கான வின்ச் வந்ததெல்லாம் 1959-இல்தான். வார்ன் யாருடைய ஜீப்பையும் உட்கார்ந்து அழகு பார்த்துக் கட்டிக் கொடுக்கவில்லை. ஒரு பூட்டைச் செய்தார். அதையே திரும்பத் திரும்பச் செய்தார்.

ஏஆர்பி என்பது நிறுவனர் டோனி பிரவுனுடைய முழுப் பெயரின் முதலெழுத்துகள். மெல்போர்னில் 1975-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் வட பகுதிகளில் பயணம் போனவர், வண்டிகளில் மாட்டியிருந்த முன் தடுப்புக் கம்பிகள் வளைந்தும் மேல் கேரியர்கள் உடைந்தும் கிடந்ததைப் பார்த்தார். அந்த ஊரில் இது அலங்காரச் சமாச்சாரம் கிடையாது. அந்தி நேரத்தில் கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்து ரேடியேட்டர் உடைந்தால், அடுத்த ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். உடையாத கம்பி தேவைப்பட்டது, செய்தார். இங்கேதான் நம் நண்பர்கள் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து என்ன நடந்தது? ஒவ்வொரு மாடலுக்கும் அளவெடுத்து, சட்டம் அமைத்து, ஒரே கம்பியை ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலையாக அது மாறியது. 1987-இல் ராபர்ட்ஸ் என்ற பெயரில் வேறொருவர் உருவாக்கியிருந்த டிஃப் லாக்கின் உரிமையை விலைக்கு வாங்கினார்கள். காற்றழுத்தத்தால் இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ‘ஏர் லாக்கர்’ அப்படித்தான் அவர்கள் பெயரில் உலகம் சுற்றியது. அதே ஆண்டு கம்பெனி பங்குச் சந்தைக்கும் போனது. இன்னொருவர் கண்டுபிடித்ததை வாங்கி, பிசகில்லாமல் பெருக்கி, நாடு நாடாக அனுப்பியது வியாபாரத் திறமை. அதற்கு என் முழு மரியாதை உண்டு. ஆனால் அதை ‘ஷெட்டில் பிறந்த ஆசை’ என்று சொல்லி ஒரு இளைஞனை வேலையை விடச் சொல்வது ஏமாற்று.

ஆர்க்டிக் டிரக்ஸ் இன்னும் மோசமான சாட்சி, அதாவது அவர்களுக்கு. 1990-இல் அது தொடங்கியது ஐஸ்லாந்தின் டொயோட்டா இறக்குமதியாளரின் ஒரு பிரிவாக. பின்னால் கம்பெனியின் பணமும் உதிரிப் பாகங்களும் நின்றன. 38 அங்குலம், 44 அங்குலம் என்று அவர்கள் மாட்டும் டயர்களில் காற்றை இரண்டு மூன்று பவுண்டு அழுத்தத்துக்கு இறக்கினால், டயர் அப்பளம்போலப் பரந்து, வண்டி பனிக்குள் புதையாமல் மேலேயே ஊர்ந்து போகும். 2007-இல் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் வட துருவப் பகுதியின் பனிமேல் ஓடிய ஹைலக்ஸ் அவர்கள் கட்டியது. பார்க்க மெய்சிலிர்க்கும்தான். ஆனால் ஐஸ்லாந்தில் அந்த டயர் மீட்புக் குழுவுக்கு வேண்டும். குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டு நிலத்தில் பயணிக்க வேறு வழி குறைவு. மாற்றிய வண்டியைத் தனியாகப் பரிசோதித்துப் பதிவு செய்ய அங்கே சட்டத்திலேயே வழி இருக்கிறது. தேவை, பின்பலம், சட்டம் மூன்றும் ஒரே தீவில் கூடி வந்ததன் விளைவு அது.

இனி நம் பட்டறைக்கு வருவோம். மாருதியின் ஜிம்னி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி கொடுப்பது 195/80 ஆர்15 டயர், விட்டம் 27 அங்குலத்துக்குச் சற்று மேல். உரிமையாளர் 31 அங்குலம் கேட்கிறார். டயரை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார், பாவம்.

ஸ்டீரிங்கை ஒடித்தால் புது டயர் பம்பரில் உரசும். பம்பரை வெட்டினாலும் பள்ளத்தில் இறங்கும்போது வீல் ஆர்ச்சில் இடிக்கும். ஆகவே வண்டியை உயர்த்த வேண்டும். ஜிம்னியின் ஆக்சில் முழுத்தண்டு. அதை நடுவில் நிறுத்திவைப்பது ஒரு பக்கம் சேசிஸிலும் மறுபக்கம் ஆக்சிலிலும் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி. உடம்பு மேலே போனால் அந்தக் கம்பி ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். நீளம் கூட்டிக் குறைக்கிற கம்பி போட வேண்டும். அடுத்து, ஆக்சில் சாய்ந்து நிற்கும் கோணம் மாறியிருக்கும். திருப்பி முடித்ததும் ஸ்டீரிங் தானாக நேராகாது. நெடுஞ்சாலையில் வண்டி நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி அலையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுவதும் வெடவெடவென்று நடுங்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடியிருப்பதால் அங்கேயும் அதிர்வு. சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கும், அதையும் நீளமாக்க வேண்டும். ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வரும் லாரிக்காரர் திட்டுவார். டயர் பெரிதானதில் கியரெல்லாம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இளைத்துப்போயிருக்கும். ஒன்றரை லிட்டர் எஞ்சின் ஐந்தாம் கியரில் மேட்டைக் கண்டால் திணறும், கிளட்ச் சீக்கிரம் போகும். கிரவுன் பினியனை மாற்றினால்தான் பழைய இழுவை. அதுவரை மீட்டர் 70 காட்டும்போது வண்டி 80-ஐ நெருங்கி ஓடிக்கொண்டிருக்கும்.

சொந்த வண்டி என்றால் இந்தச் சங்கிலிதான் விளையாட்டே. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்குக் கம்பி, அடுத்த ஞாயிறு ஹோஸ், நடுவில் ஒரு வாரம் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே தூங்குவது. வண்டி ஒருநாளும் முடிவதில்லை, முடிய வேண்டும் என்று யாரும் விரும்புவதுமில்லை. பட்டறையிலோ அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்திருக்க வேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் காசு வராத ஒரு மணி நேரம்.

கோவையில் இப்படி ஒரு பட்டறையில் சில சனிக்கிழமைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். நடத்துகிறவர் முன்பு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலையில் இருந்தவர், கை சுத்தமான மனிதர். ஒருவர் ஜிம்னியோடு வந்தார். பின் சீட்டில் லிஃப்ட் கிட், மேலே கேரியரில் டயர்கள்.

“டயரு, கிட்டு எல்லாமே ஆன்லைன்லயே வாங்கிட்டனுங்ண்ணா. மாட்டி மட்டும் குடுத்தீங்கன்னாப் போதும்.”

“மூணு நாளைக்கு விட்டுட்டுப் போங்க. அலைன்மென்ட் பாத்து, ஓட்டிப் பாத்துத்தான் குடுக்க முடியும்.”

“மூணு நாளுங்களா? வீடியோவுல நாலு மணி நேரத்துல மாட்டிப்போடறாங்களேங்ண்ணா.”

லேபர் எவ்வளவு என்று கேட்டார், சொன்னதில் பாதிக்கு வந்தார், முக்கால்வாசியில் முடிந்தது. இந்த வேலையில் கொஞ்சம் லாபம் இருப்பது பாகங்களை விற்பதில்தான். அதை அவர் ஏற்கெனவே வேறெங்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வாரம் வண்டி திரும்பி வந்தது, இந்த முறை இரண்டு நண்பர்களும் கூட வந்தார்கள். “எண்பதுல போனா ஸ்டீரிங் ஆடுதுங்ண்ணா.” கிட்டில் வந்த புஷ் அளவு சரியில்லை. பட்டறைக்காரர் லேத்துக்குப் போய்க் கடைந்து மாட்டிக் கொடுத்தார். இன்னும் ஒன்றரை நாள். அதற்கு எந்த பில்லும் போடவில்லை. போட்டால் அந்த இரண்டு நண்பர்களின் வண்டியும் அந்த வாசலுக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வாடகை, கரண்ட், இரண்டு பையன்களுக்குச் சம்பளம், கம்ப்ரஸருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் மாதத் தவணை, வீட்டுக்கு ஒரு தொகை எல்லாம் சேர்ந்து மாதம் ஒன்றரை லட்சம். மாதத்துக்கு 200 மணி நேரம் பட்டறை திறந்திருக்கிறது. அதில் பேச்சு, பாகம் தேடுவது, திரும்பி வந்த வண்டி என்று பாதி போய்விட்டால், மிச்சம் 100 மணி நேரத்துக்குத்தான் காசு வாங்க முடியும். மணிக்கு 1,500 ரூபாய் வாங்கினால்தான் கையைக் கடிக்காமல் நிற்கலாம், லாபம் அதற்குப் பிறகுதான். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் அந்தப் பணத்துக்கு என்ன வேலை நடக்கும் என்று வாடிக்கையாளருக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு பதில் வரும். “ஆசை இருப்பவன் மற்றவனைவிட நன்றாகச் செய்வான், பெயர் பரவும், விலையும் கிடைக்கும்.” இதைத்தான் நான் அதிகமாக மறுக்கிறேன். ஆசைக்காரனுக்குத் தன் ரசனை ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் கேட்டது இரண்டு அங்குல லிஃப்ட், இவன் மனசு கேட்பது முழு சஸ்பென்ஷன். கேட்காத வெல்டிங்கை அழகாக அரைத்து, பெயின்ட் அடித்து, அதற்குப் பணம் கேட்கக் கூச்சப்படுவான். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேலையைச் சவாலாக எடுத்துக்கொள்வான். வீட்டில் நாலு பேருக்கு அருமையாகச் சமைக்கிறவரை மெஸ் போடச் சொல்கிற மாதிரிதான் இதுவும். அவர் ருசி குறையாது, ஆனால் நாற்பது இலை போடும் நாளில் உளுந்து விலையும் மிச்சச் சோறும்தான் அவரைத் தூங்கவிடாது. மலைக்காட்டு ஆசை கொஞ்சமும் இல்லாத ஒரு மெக்கானிக், ஒரே மாடலுக்கு ஒரே கிட்டைத் திரும்பத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்துகிறார் என்றால், என் வண்டியை அவரிடம்தான் விடுவேன்.

ஹரியானாவின் மண்டி டப்வாலியை யாராவது சொல்வார்கள். சிர்சா மாவட்டத்து ஊர், மாற்றியமைத்த ஜீப்புகளுக்கு வட இந்தியா முழுக்கப் பெயர் போனது. அங்கே ஜீப் கட்டுவது குடும்பம் குடும்பமாக நடக்கும் தொழில். தகரம் ஒருவர், பெயின்ட் ஒருவர், சீட் ஒருவர் என்று தெருவே பிரித்துக்கொண்டு செய்வதால் மலிவு. யாரும் அதை வார இறுதிப் பொழுதுபோக்காகத் தொடங்கி அங்கே வந்து சேரவில்லை. அப்படி வாங்கிய வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் கண்ணில் தெரிவதும் பொருந்துமா என்பது வேறு தலைவலி, அதற்கு இப்போது வருகிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் நம் நண்பர்கள் சிரிப்பார்கள். “யாருப்பா பிடிக்கறாங்க?” மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது: பதிவுச் சான்றிதழில் இருக்கும் மூல விவரத்துக்கு மாறான வண்டி ஓட முடியாது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஜிம்னியில் எத்தனை மாற்றம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வரையறைக்கு ஒவ்வாத முக்கியப் பாதுகாப்புப் பாகத்தை விற்பவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விழலாம். முன்னால் மாட்டும் தடுப்புக் கம்பி மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது 2017 டிசம்பரிலேயே. ஏஆர்பி எந்தப் பொருளில் எழுந்ததோ, அந்தப் பொருளே இங்கே விற்கக் கூசும் சரக்கு.

பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிக்கிறாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமே இல்லை. பொழுதுபோக்குக்காரனின் ஆபத்து அவனோடு போகும். தன் வெல்டிங் விட்டுப்போய்த் தன் வண்டி கவிழ்ந்தால் அவன் விதி. பட்டறைக்காரன் மாட்டிய லிஃப்டோடு யாரோ ஒருவர் மேட்டுப்பாளையம் சாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது வண்டி ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கிறதா என்றுதான். பணம் தர மறுக்க அதற்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிடும். அந்தக் குடும்பம் தேடுவது பில்லில் பெயர் இருக்கும் ஆளை. பில்லே போடாமல் ரொக்கத்தில் வாங்குகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அப்படி நடத்துவதற்குத் தொழில் என்று பெயர் வைக்க முடியாது, பயந்து பயந்து காலம் தள்ளலாம்.

ஆஸ்திரேலியாவில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறு வாகனங்களை மாற்றுவதற்கு அங்கே ஒரு தேசிய நடைமுறைத் தொகுப்பு உண்டு. எந்த அளவு வரை உயர்த்தலாம், எதைத் தாண்டினால் பொறியாளரின் சான்று வேண்டும் என்றெல்லாம் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், ஒரு கையெழுத்தோடு வண்டி சட்டப்படி ரோட்டுக்கு வர வழி இருக்கிறது. அந்தக் கையெழுத்துதான் தொழிலின் முதுகெலும்பு. அது இருப்பதால் இன்ஷூரன்ஸ் நிற்கிறது, அதனால் வாடிக்கையாளர் விலை கொடுக்கிறார். தானே வடிவமைத்த லிஃப்டுக்கு அப்படி ஒரு கையெழுத்து வாங்க நம் பட்டறைக்காரருக்கு அதுபோல எளிய வாசல் இல்லை. கதவைத் திறக்கச் சொல்லி அரசிடம் சண்டை போடலாம், போட வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் திறப்பதற்கு முன் வாசலில் கடை விரிக்கச் சொல்லி ஊக்கப்படுத்துகிறவர்களை என்ன செய்வது?

சட்டமே வழிவிட்டாலும் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 2003 மாடல் ஜீப் ராங்ளர் ரூபிகான் வந்தபோது, ஆர்வலர்கள் பல மாதம் செலவழித்துச் செய்துகொண்டிருந்ததையெல்லாம் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. முன்னும் பின்னும் லாக்கர், கனமான டேனா 44 ஆக்சில், நான்குக்கு ஒன்று என்ற தாழ்ந்த கியர். இன்று டொயோட்டாவின் டகோமா டிரெய்ல்ஹன்டர் என்ற மாடல் ஏஆர்பியின் பம்பரோடும் ஓல்ட் மேன் ஈமு ஷாக் அப்சார்பரோடும் தொழிற்சாலையிலிருந்தே இறங்குகிறது. ஆர்வலர் உலகத்தின் பெரிய பெயர் கம்பெனிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. இந்தியாவில் தாருக்கும் ஜிம்னிக்கும் கம்பெனி ஷோரூமிலேயே துணைப் பொருள் பட்டியல் நீட்டுகிறார்கள். அதில் வாங்கினால் வாரன்டி போகாது. அதைவிடப் பெரிய விஷயம், வண்டிக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மாதத் தவணையில் கரைந்துபோகும் இருபதாயிரத்துக்கும், பட்டறையில் எண்ணிக் கொடுக்கும் இருபதாயிரத்துக்கும் உள்ள தூரம் வியாபாரிகளுக்குத் தெரியும். ஆர்வலருக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

விதிவிலக்கு இல்லையா என்றால் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஜொனாதன் வார்டு 1996-இல் பழைய லேண்ட் க்ரூஸர்களைப் புதுப்பிக்கும் கடையைத் தொடங்கி, பிறகு ஐகான் என்ற பெயரில் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார். அங்கே ரசனைக்கே விலை. ஒரு வண்டி லட்சக்கணக்கான டாலர். நான் மேலே சொன்ன பில் போடாத மணி நேரம் அத்தனைக்கும் அந்த விலையில் காசு இருக்கிறது. அதைக் கொடுக்கக்கூடிய பணக்காரர்கள் பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஊர் அது. உங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் என்று யோசனை சொல்கிற நண்பரே எழுதிக் கொடுக்கட்டும்.

ஜீப்பை வைத்துப் பிழைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக வேண்டும். கல்லும் பள்ளமுமான அந்தப் பாதையில் விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஏறும் ஜீப்புகளுக்கு வேலை செய்கிறவர்களுக்கு வேலைக்குக் குறைச்சல் இருக்காது. ஸ்பிரிங் பட்டை, புஷ், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், மறுபடி ஸ்பிரிங் பட்டை. மாற்றியமைப்பதற்கு அதில் இடமே இல்லை. இருந்ததை இருந்தபடி நிறுத்தி வைப்பதுதான் வேலை, அதுவும் நாளை காலை நாலு மணிக்குள். வார்ன் வழியில் போக விரும்பினால் அதுவும் கோவையில் முடியும். லேத்துக்கும் வார்ப்புக்கும் அங்கே பஞ்சமில்லை. ஒரே மாடலுக்கு, சட்டத்துக்கு உட்பட்ட ஒரே பாகம். கீழே அடிபடாமல் காக்கும் இரும்புத் தட்டோ, வண்டியை இழுக்கக் கொக்கி மாட்டும் பிராக்கெட்டோ. அதை அளவு பிசகாமல் ஐநூறு செய்து பெட்டியில் போட்டு அனுப்பலாம். ஆர்வலரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும். ஐநூறு பிராக்கெட்டை நினைத்து யாரும் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்ததில்லை.

கடைசியாக ஒரு வாதம் வைப்பார்கள்: “முயற்சி பண்ணிப் பாக்கறதுல என்ன தப்பு? சரிப்படலைன்னா பழைய வேலைக்கே போயிடலாம்.” பழைய வேலை கிடைக்கலாம். ஆனால் பட்டறைக்குப் பணம் முடை வந்தால் முதலில் விலை போவது அவன் ஆசையாகக் கட்டிய சொந்த ஜீப்தான், விற்கிற மாதிரி கையில் இருப்பது அது ஒன்றுதான். அதற்கும் முன்பே, வாடிக்கையாளர் வண்டிக்கு அவசரமாக ஒரு பாகம் வேண்டுமென்று அதிலிருந்து கழற்றியிருப்பான். இரண்டு வருஷம் ஊரான் ஜீப்பை நிமிர்த்தியவன், கடையை மூடியபின் ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரை எடுப்பானா? நானறிந்த சிலர் எடுக்கவில்லை.

ஆகவே, பட்டறை போடச் சொல்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த யோசனையைச் சொல்லும்போது வண்டிச் சாவியையும் கூடவே கொடுங்கள். என்ன செலவாகும் என்று கேளுங்கள், சொன்ன தொகையில் பாதியை அட்வான்ஸாக அங்கேயே எண்ணி வையுங்கள், பேரம் பேசாதீர்கள், பாகத்தை ஆன்லைனில் விலை பார்க்காதீர்கள், மூன்று நாள் என்றால் மூன்று நாள் பொறுத்திருங்கள். இப்படி மாதம் எட்டுப் பேர், ஒரு வருஷத்துக்கு வருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவன் ராஜினாமாக் கடிதத்தை எழுதுவதைப் பற்றிப் பேசலாம்.